கடைக்காரரின் கிடங்கில் மற்றவர் சரக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிடங்கு ஒப்பந்தங்களை வரிவரியாகப் படித்து, கையெழுத்திடலாமா வேண்டாமா என்று சொல்வது என் தொழிலின் ஒரு பகுதி. முன்பெல்லாம் எதிர்த்தரப்பில் லாரி நிறுவனமோ கூரியர் நிறுவனமோ இருக்கும். இப்போது, நேற்றுவரை பொருள் மட்டும் விற்றுக்கொண்டிருந்த சில்லறை விற்பனை நிறுவனங்களே “உங்கள் சரக்கையும் நாங்களே வைத்து, பேக் செய்து, கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்” என்று முன்வருகின்றன. அதையொட்டி ஒரே வகையான ஐயங்களைப் பலரும் கேட்டுவருவதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரு கடை நிறுவனம் லாஜிஸ்டிக்ஸ் சேவை தருகிறது என்றால், அது உண்மையில் எதை விற்கிறது?

எல்லாரும் ஒரே சரக்கை விற்பதில்லை என்பதுதான் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது. வால்மார்ட் 2021 ஆகஸ்டில் தொடங்கிய கோலோக்கல் சேவை, கடையிலிருந்து வாடிக்கையாளர் வீட்டு வாசல் வரையிலான கடைசிக் கட்ட டெலிவரியை மட்டும் மற்ற வணிகர்களுக்குச் செய்து தருகிறது. அமேசான் 2006-இல் தொடங்கிய எஃப்பிஏ திட்டத்தில் விற்பனையாளரின் ஸ்டாக்கை முன்கூட்டியே அமேசான் கிடங்கில் வாங்கி வைத்து, ஆர்டர் வந்ததும் எடுத்து, பேக் செய்து அனுப்பி, திரும்பி வரும் பொருளையும் அவர்களே கையாளுகிறார்கள்.

பிரிட்டனின் ஆடை விற்பனை நிறுவனமான நெக்ஸ்ட் 2020-இல் கொண்டுவந்த டோட்டல் பிளாட்ஃபார்ம் இன்னும் ஒரு படி மேலே போய், இணையதளம், வாடிக்கையாளர் அழைப்பு மையம், கிடங்கு, டெலிவரி, ரிட்டர்ன் அனைத்தையும் ஒரே கையில் தருகிறது. பிராண்டின் உரிமையாளர் துணியை வடிவமைத்துக் கொடுத்தால் போதும் என்ற அளவுக்கு. ஆகவே “லாஜிஸ்டிக்ஸ் சேவை” என்ற சொல்லை மட்டும் நம்பி இரண்டு நிறுவனங்களின் கட்டணத்தை ஒப்பிடக் கூடாது. ஒருவர் தெருமுனை வரை வருகிறார், மற்றவர் வீட்டையே நடத்தித் தருகிறார்.

இதை ஆரம்பித்து வைத்தது அமேசான்தானே?

இல்லை. ஜெர்மனியின் அஞ்சல்வழி விற்பனை நிறுவனமான ஓட்டோ, தன் பார்சல்களைக் கொண்டுசேர்க்க 1972-இலேயே ஹெர்மெஸ் என்ற டெலிவரிப் பிரிவைத் தொடங்கியது. காலப்போக்கில் அது பிற நிறுவனங்களின் பார்சல்களையும் சுமக்கும் பெரிய வலைப்பின்னலாக வளர்ந்தது. அதன் பிரிட்டன் கிளையின் பெரும்பான்மைப் பங்கை 2020-இல் ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கியது. இன்று எவ்ரி என்ற பெயரில் இயங்கும் அந்த நிறுவனத்தின் வேர் ஓர் அஞ்சல்வழி வணிகரின் வீட்டில்தான் இருக்கிறது.

சீனாவின் இணைய விற்பனை நிறுவனமான ஜேடியும் இதே பாதையில் வந்ததே. வெளியார் டெலிவரியை நம்ப முடியாமல் 2007-இல் சொந்தமாகக் கிடங்குகளும் டெலிவரி ஊழியர்களும் வைத்துக்கொள்ளத் தொடங்கிய அந்த நிறுவனம், 2017-இல் ஜேடி லாஜிஸ்டிக்ஸைத் தனிப் பிரிவாக்கி வெளி நிறுவனங்களுக்கும் கதவைத் திறந்தது. அமேசான் செய்தது, இந்தப் பழைய வழக்கத்தைச் சிறு விற்பனையாளர்களுக்கும் எட்டும்படி ஒரு சில பொத்தான்களில் சுருக்கியது.

பொருள் விற்பவர்களுக்கு எதற்கு இந்த லாரி வேலை?

கிடங்கைக் கட்டுபவர் ஆண்டின் மிக நெருக்கடியான சில வாரங்களை மனத்தில் வைத்தே கட்டுகிறார். அந்த வாரங்கள் போனபின் அடுக்குகளில் பாதி காலியாக நிற்கும். ஆனால் வாடகை, மின்சாரம், இயந்திரத் தேய்மானம், நிரந்தர ஊழியர் சம்பளம் எதுவும் பாதியாவதில்லை. அந்தக் காலி இடத்தில் இன்னொருவரின் பெட்டியை வைத்தால் வரும் பணத்தில் பெரும்பகுதி நேராக லாபக் கணக்கில் சேரும். சில்லறை விற்பனையின் லாப விகிதம் பொதுவாக மெலிந்தது என்பதால் இந்தக் கூடுதல் வரவின் கவர்ச்சி அதிகம்.

டெலிவரியில் கணக்கு இன்னும் கூர்மையானது. ஒரு தெருவுக்குள் வண்டி நுழைந்துவிட்டால், அங்கே ஒரு பெட்டி கொடுத்தாலும் ஐந்து பெட்டி கொடுத்தாலும் எரிபொருளும் ஓட்டுநர் நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். செலவின் சுமை, ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தத்துக்குப் போகும் தூரத்தில் இருக்கிறது. மற்றவர் பார்சலும் அதே வண்டியில் ஏறும்போது அந்தத் தூரம் சுருங்கி, கடை நிறுவனத்தின் சொந்தப் பார்சலுக்கான செலவும் குறைகிறது. அதாவது, நீங்கள் கட்டும் கட்டணம் அவர்களுக்கு ஒரு வருமானம் என்றால், உங்கள் பெட்டி அந்த வண்டியில் இருப்பதே இன்னொரு வருமானம். பேரம் பேசும்போது பலர் மறந்துவிடும் செய்தி இது.

அப்படியானால் வழக்கமான மூன்றாம் தரப்பு லாஜிஸ்டிக்ஸ் நிறுவனத்துக்கும் இவர்களுக்கும் என்ன வேறுபாடு?

வழக்கமான மூன்றாம் தரப்பு நிறுவனத்தின் கிடங்கில் இருப்பவை அனைத்தும் வாடிக்கையாளர்களின் சரக்கு. அதற்கென்று சொந்தச் சரக்கு கிடையாது. கடை நிறுவனத்தின் கிடங்கிலோ முதல் வாடிக்கையாளர் அந்த நிறுவனமேதான். அடுக்கின் உயரம், பெட்டியின் அளவு, வண்டி புறப்படும் நேரம் எல்லாம் அதன் பொருளுக்கேற்ப முன்பே முடிவாகிவிட்டவை. பொருந்தினால் நல்ல விலையில் நல்ல சேவை கிடைக்கும். பொருந்தாவிட்டால் உங்களுக்காக எதையும் மாற்ற மாட்டார்கள். இனி வரும் பெரும்பாலான சிக்கல்களுக்கு ஊற்று இந்த ஒரு வேறுபாடுதான்.

கட்டணம் மலிவு என்று சொன்னார்கள். முதல் பில் வந்ததும் தலை சுற்றுகிறது. எப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள்?

பொதுவாக நான்கைந்து வரிகள் இருக்கும்: சரக்கை உள்ளே வாங்கி அடுக்குவதற்கு, மாதக் கணக்கில் இடத்துக்கு, ஒவ்வொரு ஆர்டருக்கும் எடுத்து பேக் செய்வதற்கு, அனுப்புவதற்கு, திரும்பி வந்ததைப் பரிசோதிப்பதற்கு. விற்பனைப் பேச்சில் மலிவாகக் காட்டப்படுவது எடுத்து பேக் செய்யும் கட்டணம். பில்லைப் பெருக்குவது இடமும் ரிட்டர்னும். விற்காமல் நெடுநாள் கிடக்கும் சரக்குக்குத் தனிக் கூடுதல் கட்டணம் உண்டு. அமெரிக்காவில் அமேசான், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களுக்கு இட வாடகையை உயர்த்தியே வசூலிக்கிறது. நெக்ஸ்ட் போன்றவர்கள் தனித்தனி வரிகளுக்குப் பதிலாக விற்பனைத் தொகையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் முறையைக் கையாளுகிறார்கள். விலை உயர்ந்த, இலேசான பொருள் விற்பவர் அந்த முறையில் தேவைக்கு மேல் கட்ட நேரலாம்.

கவனிக்காமல் விடப்படுவது கன அளவு எடை. தலையணை விற்கும் ஒருவரின் பெட்டியை எடுத்துக்கொள்வோம்: 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். தராசில் வைத்தால் 3 கிலோதான். ஆனால் கூரியர் கணக்கில் மூன்று அளவையும் பெருக்கி 5000 ஆல் வகுப்பது பரவலான முறை. 1,08,000 ஐ 5000 ஆல் வகுத்தால் 21.6 கிலோ. எது அதிகமோ அதற்கே கட்டணம் என்பதால், அவர் 3 கிலோ தலையணைக்குப் பணம் கட்டவில்லை. பெட்டிக்குள் அடைத்து அனுப்பும் காற்றுக்குக் கட்டுகிறார். காற்றை உறிஞ்சும் பையில் போட்டு உயரத்தை 20 செ.மீ. ஆக்கினால் கணக்கு 10.8 கிலோவுக்கு இறங்கிவிடும். கட்டணத்தில் பேரம் பேசி இவ்வளவு குறைத்தவரை நான் கண்டதில்லை.

எங்கள் பொருளை அவர்கள் முறைக்குத் தக்கபடி மாற்ற வேண்டியிருக்குமா?

பெரும்பாலும் ஆம். ஒவ்வொரு பொருளுக்கும் ஸ்கேன் ஆகும் ஒரே ஒரு பார்கோடு, குறிப்பிட்ட எடைக்கு மிகாத அட்டைப் பெட்டி, குறிப்பிட்ட அளவுப் பேலட் (பெட்டிகளை அடுக்கித் தூக்கும் தட்டு), முன்பதிவு செய்த நேரத்தில் வந்து சேரும் லாரி என்று விதிகள் நீளும். மீறினால் சரக்கு திருப்பி அனுப்பப்படும், அல்லது அவர்களே சரிசெய்துவிட்டு அதற்கும் பில் போடுவார்கள். முன்பிருந்த பார்கோடு மீது புதியதை ஒட்டும்போது பழையதின் ஓரம் சற்றே வெளியே தெரிந்தால் போதும். ஸ்கேனர் எதைப் படிக்கும் என்று சொல்ல முடியாது.

பொருள் விவரப் பதிவில் வரும் பிழை இதைவிடக் கொடியது. நான் ஆலோசனை சொன்ன ஒரு சிறு நிறுவனம், இரண்டு குவளைகள் சேர்ந்த பெட்டியை ஒரு பொருளாக விற்றுவந்தது. கிடங்கின் கணினியில் யாரோ அதை “2 எண்ணம்” என்று பதிந்துவிட்டார்கள். ஊழியர்கள் கடமை தவறாமல் பெட்டியைப் பிரித்து, ஆர்டருக்கு ஒரு குவளையாக அனுப்பினார்கள். மூன்று நாள் கழித்து வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கியபோதுதான் விஷயம் வெளிவந்தது. யார் நட்டத்தை ஏற்பது என்று பார்த்தால், பதிவேற்றிய விவரங்களின் துல்லியத்துக்குச் சரக்கின் உரிமையாளரே பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. எனவே முதல் லாரியை அனுப்புவதற்கு முன் பத்துப் பதினைந்து சோதனை ஆர்டர்களைப் போட்டு, வந்து சேரும் பெட்டிகளை நீங்களே திறந்து பாருங்கள்.

ஒரே பொருளைப் பலர் விற்கும்போது எல்லாருடைய ஸ்டாக்கையும் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள் என்கிறார்களே?

சில அமைப்புகளில் அப்படி ஒரு முறை இருந்திருக்கிறது. அமேசானும் பல ஆண்டுகள் அதைக் கையாண்டது. உற்பத்தியாளரின் பார்கோடு ஒன்றாக இருந்தால், வாடிக்கையாளருக்கு அருகிலுள்ள கிடங்கில் இருப்பது யாருடைய சரக்கானாலும் அதை எடுத்து அனுப்பிவிட்டு, கணக்கில் மட்டும் சரிக்கட்டிக்கொள்வார்கள். வேகத்துக்கு இது நல்லது. ஆனால் கூட்டத்தில் ஒருவர் போலிப் பொருளைச் சேர்த்திருந்தால், அசல் பொருள் கொடுத்த உங்கள் பெயரில் அது போய்ச் சேரும். வசையும் உங்கள் பெயருக்கே. உங்கள் சரக்குக்கென்று தனிப் பார்கோடு ஒட்டச் சொல்வதும், கலக்கக் கூடாது என்று எழுத்தில் வாங்குவதும் செலவு பிடித்தாலும் தேவையானவை.

பெட்டியின் மேல் யார் பெயர் இருக்கும்?

சேவையைப் பொறுத்தது. கோலோக்கல் போன்றவை வாடிக்கையாளர் நிறுவனத்தின் பெயரிலேயே டெலிவரி செய்யும்படி அமைக்கப்பட்டவை. சில கிடங்குச் சேவைகளில் பெயரில்லாத வெற்றுப் பெட்டிக்குத் தனியாகக் கேட்க வேண்டும். போட்டிக் கடையின் பெயர் பதித்த பெட்டியில் உங்கள் பொருள் போவது உங்களுக்கு உறுத்துமா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நெருக்கடி நேரத்தில் அவர்கள் சரக்கு முந்துமா, எங்கள் சரக்கு முந்துமா?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருப்பவர் இதைப் படித்தால் போதும். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்பது கிடங்குகளுக்கும் பொருந்தும். காலி இடத்தை விற்பதுதான் இந்த வணிகத்தின் தொடக்கம் என்று மூன்றாவது கேள்வியில் பார்த்தோம். இடம் காலியாக இல்லாத வாரங்களில் என்ன நடக்கும் என்பதை அந்தத் தொடக்கமே சொல்லிவிடுகிறது. அவர்களுக்கு விற்பனை உச்சத்தில் இருக்கும் வாரங்கள்தான் பெரும்பாலும் உங்களுக்கும் உச்சம்.

இரண்டு நிகழ்வுகள் கண்ணெதிரே இருக்கின்றன. கொரோனா பரவலின் தொடக்கத்தில், 2020 மார்ச் 17 அன்று, அமேசான் தன் கிடங்குகளில் மருத்துவப் பொருள்கள், வீட்டு அத்தியாவசியங்கள் போன்றவை தவிர மற்றவற்றின் புதிய வரவை ஏப்ரல் 5 வரை நிறுத்திவைப்பதாக எஃப்பிஏ விற்பனையாளர்களுக்கு அறிவித்தது. அதன் சொந்தச் சில்லறைப் பிரிவுக்குச் சரக்கு தருபவர்களுக்கும் அதே கட்டுப்பாடு இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். முடிவு நியாயமற்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் முழுச் சரக்கையும் ஒரே கிடங்கில் நம்பியிருந்தவருக்கு அன்று மாற்று வழி இருக்கவில்லை. அதே ஆண்டு ஜூனில், தன் தளத்துக்கு வெளியே விற்பவர்களின் பார்சல்களைச் சுமந்துவந்த அமேசான் ஷிப்பிங் சேவையை அமெரிக்காவில் அந்த நிறுவனம் நிறுத்தியது. தன் சொந்த ஆர்டர்களே வண்டிகளை நிறைத்துவிட்ட காலம் அது. சேவை மீண்டும் வந்தது 2023-இல்.

ஆகவே ஒப்பந்தத்தில் கட்டணப் பட்டியலைத் திறப்பதற்கு முன், முன்னுரிமை பற்றிய பிரிவைத் தேடுங்கள். உச்ச வாரங்களில் நாளொன்றுக்கு எத்தனை ஆர்டர்கள் வரை உறுதி, அந்த அளவை அவர்கள் குறைக்க விரும்பினால் எத்தனை வாரம் முன்னறிவிப்பு, உறுதியை மீறினால் எவ்வளவு ஈடு என்ற மூன்றும் எண்ணிக்கையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். “நியாயமான முயற்சி எடுக்கப்படும்” என்ற வாக்கியம் இருந்தால், அது ஒன்றும் எழுதாததற்குச் சமம்.

எங்கள் விற்பனை விவரம் முழுவதும் போட்டியாளர் கைக்குப் போய்விடாதா?

போகும். கிடங்கு வேலை செய்வதற்கே எந்தப் பொருள், எந்த ஊருக்கு, எந்த வேகத்தில், எத்தனை திரும்பி வருகிறது என்ற விவரங்கள் தேவை. கொடுக்காமல் இருக்க வழியில்லை. கேள்வி, அந்த விவரம் கிடங்குப் பிரிவோடு நிற்குமா, கொள்முதல் பிரிவின் மேசைக்குப் போய்விடுமா என்பதே. போனால் வேலியே பயிரை மேய்ந்த கதைதான்: உங்களிடம் நன்றாக ஓடும் பொருளை அவர்கள் சொந்தப் பெயரில் செய்து உங்கள் விலைக்குக் கீழே விற்கலாம். இது வெறும் கற்பனை அச்சம் அல்ல என்பதற்கு, ஐரோப்பிய ஆணையம் இதே கவலையோடு அமேசானை விசாரித்ததே சான்று. 2022 டிசம்பரில், விற்பனையாளர்களின் வெளியிடப்படாத தரவுகளைத் தன் சில்லறை வணிகத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்று அமேசான் கொடுத்த உறுதிமொழியை ஆணையம் கட்டுப்படுத்தும் நிபந்தனையாக ஏற்றது.

பழைய உதாரணங்களும் உண்டு. பொம்மை விற்பனையில் பெயர்பெற்றிருந்த டாய்ஸ் ஆர் அஸ் 2000-இல் தன் இணைய விற்பனையின் கிடங்கு வேலையைப் பத்தாண்டு ஒப்பந்தத்தில் அமேசானிடம் ஒப்படைத்தது. பொம்மைப் பிரிவில் தனக்குத் தனியுரிமை இருக்கும் என்று நம்பியது. பிற விற்பனையாளர்களும் அதே தளத்தில் பொம்மை விற்கத் தொடங்கியதும் 2004-இல் வழக்குத் தொடர்ந்து, 2006-இல் ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டது. வழக்கில் வென்றது உண்மை. ஆனால் இணையத்தில் விற்கக் கற்றுக்கொள்ள வேண்டிய அந்த ஆறு ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை. அமெரிக்கச் சில்லறை நிறுவனமான டார்கெட்டும் தன் இணையதளத்தை அமேசானைக் கொண்டு பல ஆண்டுகள் நடத்தி, 2011-இல்தான் தன் கைக்கு மாற்றிக்கொண்டது.

“எங்கள் தளத்தில் விற்றால் எங்கள் கிடங்கையும் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும்” என்று அவர்கள் சொல்ல முடியுமா?

சந்தையில் கை ஓங்கிய நிறுவனம் அப்படிச் சொன்னால் சட்டச் சிக்கல் வரும். இத்தாலியின் போட்டி ஆணையம் 2021 டிசம்பரில், பிரைம் அடையாளம் (விரைவு டெலிவரிக்கான அமேசானின் சந்தா முத்திரை) போன்ற விற்பனைச் சலுகைகளைத் தன் லாஜிஸ்டிக்ஸ் சேவையோடு பிணைத்ததற்காக அமேசானுக்கு 100 கோடி யூரோவுக்கும் மேல் அபராதம் விதித்தது. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023 செப்டம்பரில் தொடர்ந்த வழக்கிலும் இதே பிணைப்பு ஒரு குற்றச்சாட்டாக இடம்பெற்றது. அமேசான் அதை மறுக்கிறது.

ஆனால் நடைமுறையில் யாரும் வாய்திறந்து கட்டாயப்படுத்துவதில்லை. எங்கள் கிடங்கில் வைத்தால் “விரைவு டெலிவரி” என்ற அடையாளம் கிடைக்கும், தேடலில் பொருள் மேலே தெரியும் என்பதே போதுமான அழுத்தம். தளமும் கிடங்கும் ஒருவரிடமே இருக்கும் இடத்தில், கிடங்கை மட்டும் விட்டு விலகினால் விற்பனை எவ்வளவு சரியும் என்பதையும் சேவைக் கட்டணத்தோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

நாங்களே நடுத்தர அளவுச் சில்லறை நிறுவனம்தான். கிடங்கில் இடம் காலியாக இருக்கிறது. நாங்களும் இந்தச் சேவையைத் தொடங்கலாமா?

காலி இடம் இருப்பது போதுமான காரணம் அல்ல. தன் சரக்கை மட்டும் கையாளும் கிடங்கின் மென்பொருளுக்கு “இது யாருடைய பொருள்” என்ற கேள்வியே எழுந்திருக்காது. இரண்டாவது உரிமையாளர் உள்ளே வந்த நாள் முதல், ஒவ்வொரு பெட்டிக்கும் உரிமையாளர் பெயர், ஒவ்வொரு அசைவுக்கும் பில், ஒவ்வொரு இழப்புக்கும் பொறுப்பு, அதற்கேற்ற காப்பீடு என்று எல்லாம் மாறுகிறது. சொந்தச் சரக்கில் நூற்றுக்கு ஒன்று காணாமல் போனால் கணக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். அடுத்தவர் சரக்கில் ஒன்று காணாமல் போனால் விளக்கம் சொல்ல ஒருவரைச் சம்பளம் கொடுத்து உட்கார வைக்க வேண்டும்.

அமெரிக்கன் ஈகிள் என்ற ஆடை விற்பனை நிறுவனத்தின் அனுபவம் பார்க்கத் தக்கது. பெரும் நிறுவனங்களை எதிர்கொள்ளச் சில்லறை விற்பனையாளர்கள் கிடங்குகளையும் டெலிவரியையும் பகிர்ந்துகொள்ளலாம் என்ற எண்ணத்தில், 2021-இல் ஏர்டெர்ரா, குவயட் லாஜிஸ்டிக்ஸ் ஆகிய இரு நிறுவனங்களை அது வாங்கியது. குவயட் லாஜிஸ்டிக்ஸுக்கு மட்டும் 35 கோடி டாலர். எண்ணம் தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வெளி வாடிக்கையாளர்களை வைத்துப் போதிய லாபம் ஈட்ட முடியாமல், 2023 நிதியாண்டில் அந்தப் பிரிவின் மதிப்பில் 10 கோடி டாலருக்கும் மேல் குறைத்து எழுதிவிட்டு, தன் சொந்தத் தேவைக்கே முதலிடம் என்று அந்த நிறுவனம் பின்வாங்கியது. இவ்வளவு பணமும் வலுவும் உள்ளவருக்கே இது எளிதாக இருக்கவில்லை.

இருந்தும் தொடங்க விரும்புவோருக்கு என் கருத்து: உங்கள் உச்ச மாதங்களில் விற்பனை மந்தமாக இருக்கும் வேறொரு தொழிலைச் சேர்ந்த ஒரே ஒரு வாடிக்கையாளரோடு, ஓராண்டு நடத்திப் பாருங்கள். பொருளின் அளவும் உங்களுடையதை ஒத்திருக்கட்டும். இருவர் உச்சமும் ஒரே மாதத்தில் வருமானால், பத்துச் சதவீதம் கூடுதலாகத் தந்தாலும் அவரை ஏற்க வேண்டாம்.

பெரிய கிடங்கு இல்லை, ஊரெங்கும் கடைகள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு செய்ய முடியாதா?

டெலிவரியில் மட்டும் முடியும். அமெரிக்க மக்களில் 90 சதவீதத்தினர் தன் கடை ஒன்றிலிருந்து 10 மைல் தொலைவுக்குள் வாழ்கிறார்கள் என்று வால்மார்ட் சொல்வதுண்டு. கோலோக்கல் சேவையின் மூலதனம் அந்த நெருக்கம்தான். கட்டுமானப் பொருள்களை விற்கும் ஹோம் டிப்போ அதன் முதல் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்றாகச் சேர்ந்தது. டார்கெட் 2017 டிசம்பரில் 55 கோடி டாலருக்கு வாங்கிய ஷிப்ட் நிறுவனம், தன் உரிமையாளரோடு போட்டியிடும் கடைகளிலிருந்தும் வீடுகளுக்குப் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கிறது.

ஆனால் கடையின் பின்கட்டு கிடங்கு அல்ல. அங்கே அடுத்தவர் சரக்கை அடுக்கத் தொடங்கினால், கடைக்கு நேரில் வரும் வாடிக்கையாளருக்கான பொருள் நடைபாதையில் நிற்கும்.

இடத்தையோ வண்டியையோ விற்காமல், தொழில்நுட்பத்தை மட்டும் விற்பவர்களும் இருக்கிறார்களாமே?

பிரிட்டனில் 2000-இல் தொடங்கப்பட்ட இணைய மளிகை நிறுவனமான ஒகாடோ அந்த வகை. கட்டம் கட்டமான அடுக்கின் மேல் ரோபோக்கள் ஓடி, கீழே உள்ள கூடைகளைத் தூக்கியெடுக்கும் அதன் கிடங்கு அமைப்பைப் பல நாட்டுச் சில்லறை நிறுவனங்கள் வாங்கின. அமெரிக்க மளிகைக் கடை நிறுவனமான குரோகர் 2018-இல் இருபது மையங்கள் வரை அமைக்கும் திட்டத்தோடு கைகோத்தது. ஆனால் 2025 நவம்பரில், இயங்கிவந்த மையங்களில் மூன்றை மூடப்போவதாகக் குரோகர் அறிவித்தது. இத்தகைய மையத்தின் செலவு கட்டும்போதே முடிவாகிவிடுகிறது. சுற்றுவட்டாரத்தில் போதிய ஆர்டர்கள் நெருக்கமாக வராவிட்டால், ரோபோ எவ்வளவு வேகமாக ஓடினாலும் ஒவ்வொரு கூடைக்கும் விழும் செலவு இறங்காது. மூன்றாவது கேள்வியில் சொன்ன நிறுத்தங்களின் நெருக்கம் இங்கும் விடாமல் துரத்துகிறது.

ஒரே மையத்தில் எல்லாவற்றையும் குவிப்பதன் ஆபத்தும் உண்டு. ஒகாடோவின் ஆண்டோவர் மையம் 2019 பிப்ரவரியில் தீப்பிடித்து அழிந்தது. ஒரு ரோபோவின் மின்னேற்றக் கருவியில் ஏற்பட்ட கோளாறே தொடக்கம் என்று கண்டறியப்பட்டது.

லாஜிஸ்டிக்ஸ் பிரிவைத் தனி நிறுவனமாகப் பிரிப்பது ஏன்? அது எங்களைப் பாதிக்குமா?

கடையின் ஒரு துறையாக இருக்கும்வரை அது வெளியாருக்கு எவ்வளவு சேவை செய்கிறது, யாருக்காக எவ்வளவு இழக்கிறது என்பது வெளியே தெரியாது. தனியே கணக்குக் காட்டத் தொடங்கினால் வெளி வாடிக்கையாளரின் எடை கூடுகிறது. ஜேடி லாஜிஸ்டிக்ஸ் 2021 மே மாதம் ஹாங்காங் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அந்த ஆண்டு வருவாயில் பாதிக்கும் மேல் வெளி வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தது. வருவாயில் பாதியைத் தருபவரை உச்ச வாரத்தில் வாசலில் நிறுத்திவைப்பது எளிதல்ல. ஆகையால் சேவை தருபவரிடம் “வெளியார் பங்கு எவ்வளவு” என்று கேளுங்கள். நூற்றுக்கு ஐந்து என்றால், முன்னுரிமை பற்றி நான் மேலே சொன்னதை இன்னொரு முறை படியுங்கள்.

உரிமை கைமாறும் வாய்ப்பையும் நினைவில் வையுங்கள். பெரிய, கனமான பொருள்களை வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்கும் இன்னோவெல் என்ற நிறுவனம் சியர்ஸ் கடைகளின் லாஜிஸ்டிக்ஸ் பிரிவாக இருந்து, மற்றவர்களுக்கும் சேவை செய்தது. சியர்ஸ் சரிந்தபின் 2020 மார்ச்சில் அதை 100 கோடி டாலருக்கு வாங்கியவர், அதன் வாடிக்கையாளர்களில் ஒருவரான காஸ்ட்கோ. மற்ற வாடிக்கையாளர்கள் ஒருநாள் காலையில் எழுந்தபோது தங்கள் சரக்கு இன்னொரு கடைக்காரரின் கையில் இருந்தது. உரிமை மாறினால் தண்டமின்றி விலகலாம் என்ற பிரிவைக் கேட்டு வாங்குவது இதற்காகத்தான்.

விலக முடிவெடுத்தால் எவ்வளவு காலம் பிடிக்கும்?

ஒப்பந்தத்தில் போட்டிருக்கும் முன்னறிவிப்புக் காலத்தைவிட அதிகம். உங்கள் சரக்கு ஒரே கட்டடத்தில் இருக்காது. விரைவு டெலிவரிக்காகப் பல கிடங்குகளுக்கும் பிரித்து வைத்திருப்பார்கள். திருப்பி எடுக்கும்போது அது பல இடங்களிலிருந்து, பல நாள்களில், பல லாரிகளில், எண்ணிக்கை சரிபார்க்க வேண்டிய கலவைப் பெட்டிகளாக வந்து சேரும். ஒவ்வொரு பொருளுக்கும் வெளியெடுப்புக் கட்டணம் உண்டு. விலை குறைந்த பொருளாக இருந்தால், திருப்பி எடுப்பதைவிட அங்கேயே அழித்துவிடச் சொல்வது மலிவு என்ற நிலையும் வரும்.

உச்ச பருவத்துக்கு முந்தைய இரண்டு மாதங்களில் வெளியேற முயல வேண்டாம். அப்போது உள்ளே வரும் சரக்குக்கே ஆளில்லாதபோது வெளியே போகும் சரக்கை யாரும் தொட மாட்டார்கள். புதிய வரவை முதலில் நிறுத்தி, இருப்பை விற்பனையிலேயே கரையவிட்டு, மீதியை மட்டும் எடுப்பதே குறைந்த செலவில் முடியும் வழி. கணினியில் உங்கள் கணக்கு மூடப்படுவதற்கு முன், ஆர்டர், ரிட்டர்ன், இருப்பு வித்தியாசம் ஆகிய மூன்று பதிவேடுகளையும் முழுமையாக இறக்கிக்கொள்ளுங்கள். காணாமல் போன பொருளுக்கு ஈடு கேட்கும் கெடு பெரும்பாலும் சில மாதங்களே. பதிவேடு கையில் இல்லாமல் அந்தக் கடிதத்தை எழுத முடியாது.